எண்ணெய் இல்லை, முதுகெல்லாம் சிவப்புக் கோடு: தொடுப்பிழைய மசாஜ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிக்காரர் மகன் | மருதமுனை

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

உம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து கைத்தறியில் இருந்தவர். தறியை விட்டுப் பல காலம் ஆகியும் நாரி நோ அவரை விடவில்லை. அதோடு இரண்டு பாதமும் குளிர்ந்துபோய்க் கிடக்கும். சித்திரை வெயிலிலும் காலுறை போட்டுக்கொண்டுதான் படுப்பார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வயதுக்குரிய தேய்மானம் என்றார்கள். குளுசை, பெல்ட், பூசுமருந்து எல்லாம் பார்த்தாயிற்று.

போன கிழமை மட்டக்களப்பில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பெண் பிசியோதான் வேண்டும் என்று உம்மா ஒற்றைக்காலில் நின்றதால் அங்கே போனோம். அந்த அக்கா எண்ணெய்ப் போத்தலையே தொடவில்லை. உம்மாவை ஸ்டூலில் இருத்தி, திரையை இழுத்துவிட்டு, முதுகை முதலில் வெறுமனே பார்த்தாராம். பிறகு இரண்டு விரலால் தோலைக் கொளுவி இழுக்கத் தொடங்கியிருக்கிறார். அதுவும் நோகிற இடத்தில் இல்லை, அதற்கும் கீழே, முள்ளந்தண்டு முடிகிற இடத்தில். "பிளேட்டால கீறுறாப்போல இருந்திச்சு மகன்" என்றார் உம்மா. வீட்டுக்கு வந்து ராத்தா பார்த்தால் முதுகில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். காசு கொடுத்துக் கீறல் வாங்கி வந்திருக்கிறாய் என்று மச்சான் சிரிக்கிறார்.

ஆனால் அன்று இரவு உம்மா காலுறை கேட்கவில்லை. அதுதான் யோசனையாக இருக்கிறது. இதற்குத் தொடுப்பிழைய மசாஜ் என்று பெயர் சொன்னார்கள். தொடரலாமா?

தேன்நாட்டான் | ஆரையம்பதி

தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கொட்டவேண்டாம். நாரி நோ தானாகக் கூடும், தானாகக் குறையும். குறைகிற நேரத்தில் யாருடைய கை நம் முதுகில் இருக்கிறதோ அவருக்குப் பெயர் போய்ச் சேரும். பரியாரியாக இருந்தாலும் சரி, பிசியோவாக இருந்தாலும் சரி.

எனக்கு மூன்று கேள்வி. ஏன் எண்ணெய் இல்லை? ஏன் கீறவேண்டும்? நோகிற இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் ஏன் தொடங்கவேண்டும்? தெரிந்தவர்கள் பதில் சொன்னால் கேட்கிறேன். "இரத்த ஓட்டம் சீராகும், நச்சு வெளியேறும்" என்ற பாட்டை மட்டும் பாடவேண்டாம்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

நான் அரச வைத்தியசாலையில் பிசியோவாக வேலை செய்கிறேன். அண்ணன் கேட்ட மூன்றும் நல்ல கேள்விகள். இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

எலிசபெத் டிக்கே என்று ஜெர்மனியில் ஒரு பிசியோதெரபிஸ்ட். 1929 இல் அவருடைய வலது காலில் இரத்தக்குழாய் அடைபட்டு, கால் குளிர்ந்து வெளிறி, விரல்கள் அழுகும் நிலைக்கு வந்துவிட்டது. காலை எடுக்கவேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டிலிலேயே கிடந்ததில் நாரியும் பிடித்துக்கொண்டது. அந்த நோவுக்காகத் தன் கையாலேயே இடுப்பெலும்பின் விளிம்பையும் முள்ளந்தண்டின் அடியையும் தடவிப் பார்த்தபோது, அங்கே தோல் தடித்து, இறுகி, நகர மறுப்பது தெரிந்திருக்கிறது. விரலால் அதை இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். முதலில் கூர்மையாக நொந்தது, பிறகு நாரி இளகியது, பிறகு அந்தக் குளிர்ந்த காலில் ஊசி குத்துவதுபோலத் தொடங்கிச் சூடு இறங்கியது. ஒரு சக பிசியோவின் உதவியோடு தொடர்ந்து செய்து, ஏறக்குறைய ஒரு வருடத்தில் வேலைக்குத் திரும்பினார். கால் தப்பியது. பிறகு ஹேடே டைரிஷ்-லாய்பே என்பவரோடு சேர்ந்து இதை ஒரு முறையாக ஒழுங்குபடுத்தினார்.

ஒரு ஆளின் கதை ஆதாரம் ஆகாது என்று அண்ணன் சொல்வார், அது எனக்கும் தெரியும். ஆனால் உம்மாவின் நாரிக்குக் கீழே இழுத்ததும் பாதம் சூடானதற்கு இந்தக் கதை வழிகாட்டுகிறது. கால்களின் இரத்தக்குழாய்களைச் சுருக்கவும் விரிக்கவும் கட்டளை கொடுக்கும் பரிவு நரம்புகள், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணின் கீழ் நெஞ்சு, மேல் நாரிப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன. முதுகுத் தோலிலிருந்து போகும் உணர்வு நரம்புகளும் அதே முண்ணாணில்தான் போய்ச் சேர்கின்றன. தோலை ஒரு குறிப்பிட்ட வகையில் இழுத்தால் அந்த வழியாக, நாம் நினைக்காமலே தானாக இயங்கும் தன்னாட்சி நரம்புத் தொகுதி பதில் சொல்கிறது என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. உள்ளுறுப்பில் கோளாறு இருக்கும்போது தோலின் குறிப்பிட்ட பட்டைகளில் நோவும் கூச்சமும் வரும் என்பதை லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட் 1890களிலேயே எழுதிவைத்தார். மாரடைப்பில் இடது கை நோகிறதே, அதே சங்கதி.

எண்ணெய் ஏன் இல்லை? எண்ணெய் பூசினால் விரல் வழுக்கும். இங்கே விரல் தோலின்மேல் ஓடக்கூடாது. தோலைப் பிடித்துக்கொண்டு, தோலுக்கும் அதன் கீழுள்ள தசை உறைக்கும் இடையே இருக்கிற தொடுப்பிழையத்தை இழுக்கவேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் கொளுவும். முதலில் தோலில் உள்ள தளர்வை எடுத்து, அது முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுவை. சரியாகச் செய்தால் கீறுகிற உணர்வு வரும், நகம் படவே படாது. நகம் வளர்த்தவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

சிவப்புக் கோடு தோலின் இயல்பான பதில். சில நேரம் கொஞ்சம் தடித்தும் எழும்பும். பெரும்பாலும் அன்றே வாடிவிடும். நீலமாகக் கன்றிப்போயிருந்தால்தான் கேள்வி.

தறிக்காரர் மகன் | மருதமுனை

நன்றி அக்கா. நீலம் இல்லை, அடுத்த நாள் காலையில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்று மட்டும் விளங்கவில்லை. முடிந்த கையோடு உம்மா தூங்கிவழிந்தார். அக்குள் எல்லாம் வியர்வை. பஸ்ஸில் ஏறமுதல் சிறுநீர் கழிக்கவேண்டும் என்றார். இதுவும் இயல்பா?

வாவிக்கரை | மட்டக்களப்பு

இயல்புதான். தன்னாட்சி நரம்புகள் பதில் கொடுக்கிறபோது வியர்வை, புல்லரிப்பு, தூக்கம், சிறுநீர் உந்தல் எல்லாம் வரும். அதனால்தான் முடிந்ததும் ஆளைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்துப் போர்த்திவிடுவார்கள். உடனே பஸ்ஸுக்கு ஓடவேண்டாம். அடுத்தமுறை அரை மணித்தியாலமாவது இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் அந்த அக்காவிடம் சொல்லவேண்டும். அண்ணனின் மூன்றாவது கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அடியிலிருந்து தொடங்காமல் எடுத்த எடுப்பில் தோள்பட்டையிலோ கழுத்திலோ இழுத்தால் இப்படியான தொல்லைகள் வரக்கூடும் என்பது இந்த முறையைச் செய்கிறவர்களின் அனுபவம். அதனால் எந்த வருத்தமானாலும் முதல் அமர்வுகள் முள்ளந்தண்டின் அடி, இடுப்பெலும்பின் விளிம்பு, கீழ் விலா வரைதான். அங்கே இழையம் இளகின பிறகே மேலே ஏறுவார்கள். கழுத்து நோவுக்குப் போனவருக்கும் தொடக்கம் கீழேதான்.

இரவு டியூட்டி | அம்பாறை மாவட்டம்

மருத்துவ அலுவலராக இருக்கிறேன், பெயர் வேண்டாம். மசாஜைப் பற்றிப் பேசமுதல் அந்தப் பாதங்களைப் பற்றிப் பேசுங்கள். குளிர்ந்த பாதம் என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது பாதத்தின் மேற்புறமும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா என்று. கொஞ்சத் தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுப்போகிறதா என்று கேட்பேன். பிறகு சீனி, இரத்தச்சோகை, தைரோயிட். நாடி கிடைக்காவிட்டால் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் அளந்து ஒப்பிடவேண்டும்.

நாரி நோவிலும் சில விஷயங்கள் காத்திருக்காது. சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, இருக்கும் இடம் மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு வற்றுவது, படுத்தால் கூடுகிற நோ. இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு. எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு எதையும் முடிவுகட்டமுடியாது. நோவே இல்லாத ஆட்களின் எக்ஸ்ரேயிலும் அந்தத் தேய்மானம் இருக்கும்.

தறிக்காரர் மகன் | மருதமுனை

டொக்டர், நீங்கள் சொன்ன எதுவும் உம்மாவுக்கு இல்லை. அந்த பிசியோ அக்காவும் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்தாராம். ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. இரத்தம் சோதிக்கச் சொல்லி ஒரு துண்டும் எழுதித் தந்திருக்கிறார். அதை நான் இன்னும் எடுக்கவில்லை.

இரவு டியூட்டி | அம்பாறை மாவட்டம்

எடுங்கள். துண்டு எழுதித் தருகிற பிசியோ என்றால் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

பரியாரி பேரன் | திருக்கோவில்

சித்த மருத்துவம் படித்தவன். எங்கள் அப்பப்பா முறிவு நெறிவு பார்த்தவர். ஜெர்மனிக்காரி 1929 இல் கண்டுபிடித்தாள் என்கிறீர்கள், சரி. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறதே? தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. அதில் இழுத்தலும் இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் வெறுங்கையால் செய்கிற தொக்கணமும் இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததைத்தான் ஏசி அறையில் காசுக்குச் செய்கிறார்கள்.

தேன்நாட்டான் | ஆரையம்பதி

வந்துவிட்டார்கள். எதைக் கண்டுபிடித்தாலும் அது நம்மிடம் முன்பே இருந்தது.

பரியாரி பேரன் | திருக்கோவில்

இருந்ததை இருந்தது என்று சொல்வதில் என்ன பிழை அண்ணன்? கரைவலை இழுத்துத் தோள் விழுந்தவர்களும் வெள்ளாமை வெட்டி நாரி பிடித்தவர்களும் யாரிடம் போனார்கள்?

வாவிக்கரை | மட்டக்களப்பு

சண்டை வேண்டாம். தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தொக்கணம் தசையையும் மூட்டையும் சேர்த்து முழு உடலுக்கும் வேலை செய்கிறது. வாதத்தைத் தணிப்பது அதன் கணக்கு. அந்தக் கணக்குக்குள் அது தனக்கென்று ஒழுங்கு வைத்திருக்கிறது. தொடுப்பிழைய மசாஜ் மிகவும் குறுகியது. தசையைப் பிசையவே மாட்டார்கள். தோலுக்குக் கீழுள்ள அடுக்கை, வரைந்து வைத்த பாதையில், வரிசை மாறாமல் இழுப்பதோடு வேலை முடிந்தது.

முதலில் பரிசோதனை இருக்கிறது, அதை யாரும் இங்கே பேசவில்லை. ஆளை நேராக இருத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முதுகைப் பார்ப்போம். சில இடம் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும், சில இடம் பட்டையாக உப்பியிருக்கும். பிறகு இரண்டு கையின் விரல்நுனிகளால் தோலை முள்ளந்தண்டை நோக்கித் தள்ளிப் பார்ப்போம். நல்ல இழையம் மடிந்து அலை எழுப்பும். இறுகிய இடத்தில் தோல் பலகையில் ஒட்டினமாதிரி நிற்கும், மடிப்பு எடுக்கவே வராது. தறியில், தையல் மெஷினில், ஓட்டோவில் காலமெல்லாம் இருந்தவர்களுக்கு நாரிக்கும் ஆசனத்துக்கும் இடையே இது நன்றாகத் தெரியும். அமர்வுகள் போகப்போக அந்த மடிப்பு எடுக்க வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்களுக்கு அளவுகோல்.

தேன்நாட்டான் | ஆரையம்பதி

அக்கா சொல்லும் முறையில் ஒழுங்கு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் வீடியோக்களில் "ஃபாசியா (தசையைச் சுற்றிய உறை) ஒட்டிக்கொண்டது, அதை உடைத்து விடுகிறோம்" என்று சத்தம் போடுகிறார்களே? அந்த உறையில் உள்ள கொலாஜன் நார் கையால் இழுத்தால் நீளுமா? 2008 இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. தொடையின் பக்கவாட்டு உறையையும் உள்ளங்கால் உறையையும் வெறும் ஒரு சதவீதம் உருமாற்றுவதற்கே மனிதக் கையால் கொடுக்கமுடியாத அளவு விசை வேண்டும் என்று முடிவு. ஆகவே உடைக்கிற கதை பொய்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

அந்தக் கணக்கு சரி, அண்ணனோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போகிறேன். அடர்த்தியான உறைகள் கையால் நீளாது. தோலுக்குக் கீழே உள்ள தளர்ந்த இழையம் வேறு, அது அசையும், வழுக்கும். ஆனால் அங்கேயும் நாங்கள் எதையும் உடைப்பதில்லை. அமர்வு முடிந்து சில நிமிடத்தில் கால் சூடாவது நரம்பின் வேலை. டிக்கேயின் வழிவந்தவர்களும் நரம்பைத்தான் சொன்னார்கள். உடைக்கிற கதை பிறகு வந்த வியாபாரம். உடைப்பதாகச் சொல்லிக்கொண்டு முழங்கையால் ஏறி மிதிக்கிறவரிடம் உம்மாவைக் கொண்டுபோகவேண்டாம்.

சம்மாந்துறை ராத்தா

வாசித்துக்கொண்டு வந்தேன். என் அவருக்குச் சீனி வருத்தம் கனகாலமாக. சந்தைக்குப் போய்வர முடியவில்லை, நடுவழியில் கெண்டைக்கால் இழுத்து நின்றுவிடுகிறார். நின்றால் சுகமாகிறது. கால் இரத்தக்குழாய் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அந்த ஜெர்மன் பெண்ணுக்குச் சுகம் வந்ததுபோல இவருக்கும் வருமா?

வாவிக்கரை | மட்டக்களப்பு

ராத்தா, இதற்கு ஓரளவு நேரடியான ஆய்வே இருக்கிறது. ஸ்பெயினில் செய்து 2011 இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவும் கால் இரத்தக்குழாய் ஒடுக்கமும் சேர்ந்த 98 பேர். ஒரு பகுதியினருக்கு 15 வாரம் இந்த மசாஜ், மற்றவர்களுக்கு மின்சாரம் கொடுக்காத காந்தக் கருவியைச் சும்மா வைத்து ஏமாற்றுச் சிகிச்சை. மசாஜ் பெற்றவர்களின் கால்களில் இரத்த ஓட்ட அளவீடுகளும் தோலின் சூடும் மேம்பட்டன.

ஆனால் அதில் சேர்த்தது தொடக்கநிலை ஒடுக்கம் உள்ளவர்களை மட்டும். படுத்திருக்கும்போதே கால் நோகிறவர், பாதத்தில் புண் உள்ளவர், விரல் கறுத்தவர் அதில் இல்லை. அப்படியானால் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அன்றே போகவேண்டும். அவருக்கு நோ எந்த நேரத்தில் வருகிறது?

சம்மாந்துறை ராத்தா

நடந்தால் மட்டும்தான். புண் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிகரெட் விடமாட்டேன் என்கிறார்.

இரவு டியூட்டி | அம்பாறை மாவட்டம்

ராத்தா, சிகரெட் போகாமல் எந்த மசாஜும் அந்தக் காலைக் காப்பாற்றாது. அதோடு நடைப்பயிற்சி. நோ வரும்வரை நடந்து, நின்று ஆறி, திரும்ப நடப்பது. இது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்த வருத்தத்துக்கு ஆதாரம் அதிகம் உள்ள வைத்தியம் அதுதான், செலவும் இல்லை. கொலஸ்ட்ரோல் குளுசையையும் சீனிக் குளுசையையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் நடக்கிறபோது மசாஜும் சேர்ந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று. சீனிக்காரர்கள் சாப்பிடாமல் மசாஜுக்குப் போகவேண்டாம். முடிந்தபின் தூக்கம், வியர்வை வரும் என்று மேலே சொன்னார்கள். சீனி குறைந்தாலும் அதே அறிகுறிகள்தான். எது எது என்று தெரியாமல் போய்விடும்.

பாசிக்குடா காற்று

நான் பாசிக்குடாவில் ஹொட்டேல் ஸ்பாவில் வேலை. வெள்ளைக்காரர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள், குறிப்பாக ஜெர்மன்காரர்கள். அவர்கள் நாட்டில் டொக்டர் எழுதிக்கொடுத்து இதைச் செய்துகொள்வார்களாம். வீடியோ பார்த்துப் பழகலாமா? கை எனக்கு நன்றாக வரும்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

கை வரும் என்பதை நம்புகிறேன் தங்கச்சி. பிரச்சினை கையில் இல்லை. முன்னால் இருப்பவருக்குக் காலில் இரத்தக்கட்டி இருக்கிறதா, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறாரா, கர்ப்பமா, இருதய வருத்தமா என்று கேட்டு, பதிலை வைத்து வேண்டாம் என்று சொல்லத் தெரியவேண்டும். நீண்ட விமானப் பயணம் முடித்து வருகிறவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஸ்பாவில் சுகமாகத் தடவிவிடுவது ஒரு நல்ல தொழில், அதில் எந்தக் குறையும் இல்லை. இதை விட்டுவிடுங்கள்.

இங்கே பிசியோக்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்திருக்கவேண்டும். தனியார் இடத்துக்குப் போகிறவர்கள் பதிவைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டால் முகம் சுளிக்கிறவர் பெரும்பாலும் பதிவில்லாதவர்.

பாசிக்குடா காற்று

சரி அக்கா. எங்கள் மனேஜருக்கு இந்தப் பதிலை அப்படியே காட்டுகிறேன். மெனுவில் போடச் சொல்லி நிற்பது அவர்தான்.

வந்தாறுமூலை மாணவி

விடுதியில் இருந்து எழுதுகிறேன். மாதவிடாய் நோவுக்கும் மலச்சிக்கலுக்கும் இது உதவும் என்று எங்கேயோ வாசித்தேன். முதுகில் இழுத்தால் வயிற்றுக்கு எப்படி?

வாவிக்கரை | மட்டக்களப்பு

மேலே சொன்ன அதே பாதை தங்கச்சி. கருப்பைக்கும் பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கும் போகிற நரம்புகள் நாரியையும் அதன் அடியையும் சேர்ந்த முண்ணாண் துண்டங்களிலிருந்துதான் வருகின்றன. மலச்சிக்கலுக்கு 2015 இல் துருக்கியில் ஒரு ஆய்வு வந்தது. 50 பேர், பாதிப்பேருக்கு உணவு, பழக்கவழக்க ஆலோசனை மட்டும், மற்றப் பாதிக்கு அதோடு இந்த மசாஜும். மசாஜ் சேர்ந்தவர்களுக்கு முன்னேற்றம் கூட. சின்ன ஆய்வு, அதற்குரிய மதிப்போடு எடுங்கள். மாதவிடாய் நோவுக்கும் துருக்கியில் பார்த்திருக்கிறார்கள், நம்பிக்கை தரும் வகையில் இருக்கிறது. இரத்தம் போகிற நாட்களில் செய்வதில்லை. இரத்தப்போக்கு கூடக்கூடும் என்று தவிர்ப்பார்கள். அந்த நாட்களுக்கு முன்பே தொடங்குவார்கள்.

மாதாமாதம் வகுப்புக்கே போகமுடியாத அளவு நோ என்றால் முதலில் பெண்ணோயியல் கிளினிக். "கலியாணம் முடித்தால் சரியாகும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவேண்டாம்.

தேன்நாட்டான் | ஆரையம்பதி

ஆய்வு என்றதும் நானும் தேடிப் பார்த்தேன். உடம்பெல்லாம் நோகிற ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு 1999 இல் சுவீடனில் ஒன்று. 48 பேர், 15 அமர்வு. நோ 37 சதவீதம் குறைந்திருக்கிறது. அதுவரை சந்தோஷம். சிகிச்சையை நிறுத்தி மூன்று மாதத்தில் கிடைத்த பலனில் முப்பது சதவீதம் போய்விட்டது, ஆறு மாதத்தில் நோ பழைய நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது. இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். காசு தீர்ந்ததும் நோ திரும்பிவரும்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

அந்த ஆய்வு எனக்குத் தெரியும், நான் நோயாளிகளுக்கே சொல்வேன். மசாஜ் தனியாக நின்றால் இப்படித்தான் முடியும். நோ இறங்கி நிற்கிற அந்தச் சில கிழமைகள் இருக்கிறதே, அது உடம்பை அசைக்கப் பழகுவதற்கான வாய்ப்பு. நோவோடு செய்ய மறுத்த பயிற்சியை அப்போது செய்வார்கள். தறிக்காரர் மகன், உம்மாவுக்குப் பயிற்சி ஏதும் சொல்லித் தந்தார்களா?

தறிக்காரர் மகன் | மருதமுனை

தந்தார்கள் அக்கா. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது ஒன்று, கதிரையில் கை பிடிக்காமல் இருந்து எழும்புவது ஒன்று, சுபஹு தொழுகைக்குப் பிறகு நடை. உம்மா முதலாவதைச் செய்கிறார், இரண்டாவதுக்குக் கதிரை தாழ்வு என்கிறார், நடைக்கு "ஊர் பார்க்கும்" என்கிறார்.

இரத்தமும் எடுத்தாயிற்று. தைரோயிட் குறைவாம். கிளினிக்கில் குளுசை தொடங்கியிருக்கிறார்கள். பாதம் குளிர்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

இரவு டியூட்டி | அம்பாறை மாவட்டம்

அதனால்தான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திரியவேண்டாம் என்றேன். குளுசையை வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் முன்பாகக் கொடுங்கள். கல்சியம், இரும்புச்சத்துக் குளுசைகளை அதோடு சேர்க்கவேண்டாம், நாலு மணித்தியால இடைவெளி விடுங்கள்.

தேன்நாட்டான் | ஆரையம்பதி

அப்படியானால் பாதம் சூடானது மசாஜாலா, குளுசையாலா என்று இனி யாருக்குமே தெரியப்போவதில்லை.

தறிக்காரர் மகன் | மருதமுனை

காக்கா, முதல் இரவு சூடானபோது குளுசை தொடங்கவில்லையே! ஆனாலும் உங்கள் பேச்சைக் கேட்டு ஒன்று செய்திருக்கிறேன். அந்த அக்காவிடம், எத்தனை அமர்வில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார். அதற்குள் தோல் மடிப்பும் எடுக்க வராமல் நோவும் குறையாவிட்டால் வேறு வழி பார்ப்போம், உங்கள் காசை வீணாக்கமாட்டேன் என்றார்.

நெறியாளர்

தனியார் கிளினிக்குகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். விளம்பரம் வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

கரைவலை | நாவலடி

எனக்கு வலது தோள் தூக்க ஏலாது. இருதய வால்வு மாற்றினவன், இரத்தம் உறையாமலிருக்க வோர்ஃபரின் குளுசை எடுக்கிறேன். இதைச் செய்யலாமா?

வாவிக்கரை | மட்டக்களப்பு

அண்ணன், இந்த முறை உங்களுக்கு வேண்டாம். வோர்ஃபரின் எடுக்கிறவருக்குத் தோலுக்குக் கீழே இரத்தம் கசிந்து கன்றிப்போகும். தோளுக்கு மூட்டை அசைக்கிற பயிற்சிகள் இருக்கின்றன, அதற்குத் தடை இல்லை. கிளினிக் நாளில் உங்கள் இருதய டொக்டரிடம் பிசியோவுக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் இலவசம்தான். காலையில் வெள்ளென வந்தால் வரிசை குறைவு.

படுவான்கரையான்

நானும் ஒன்று கேட்கிறேன். சண்டைக் காலத்தில் பட்ட ஷெல் துண்டு முதுகில் இன்னும் இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்று அப்போதே விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் தோல் இழுத்துப் பிடித்துக் குனிய முடியவில்லை. நாங்கள் மாதிரி ஆட்கள் இங்கே கனபேர்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

கனபேர் அண்ணன், எங்களிடமும் வருகிறார்கள். துண்டு எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் யாரையும் கைவைக்க விடவேண்டாம். துண்டுக்கு நேர் மேலே இழுப்பதில்லை. அதைச் சுற்றி, தள்ளி, பழைய தழும்பின் ஓரங்களில் மெதுவாகத் தோலை அசைக்கலாம். தழும்பு ஒட்டியிருக்கிற இடத்தில் அதற்குப் பலன் தெரியும். எம்ஆர்ஐ எடுக்க யாராவது அனுப்பினால் படுக்கமுதல் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும், அந்த மெஷின் காந்தம். எக்ஸ்ரே படம் பழையதாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். செங்கலடிப் பக்கம் என்றால் அங்கேயே காட்டலாம், மட்டக்களப்புக்கு அலையத் தேவையில்லை.

படுவான்கரையான்

படம் வீட்டில் இருக்கிறது, கறையான் அரிக்காவிட்டால். தேடிக்கொண்டு வருகிறேன்.